கூட்டினால் பதினேழு

மார்ச் 25, 2020

ஒன்பதாம் வகுப்புவரை எல்லோரும் பாஸ் என்று முதலமைச்சர் அறிவித்துவிட்டார். சின்னவன் வாசலில் நின்று, "நான் மூணாப்பு!" என்று தெருவுக்கே சொன்னான். பெரியவள் முகம் தொங்கிப்போயிற்று. அவள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. கடைசி நாள் என்று தெரியாமலே அங்கே கடைசி நாள் முடிந்துவிட்டது.

கொரோனா ஊரடங்கில் அச்சகம் பூட்டியாயிற்று. மிஷின் சத்தமில்லாத பகலை சிவகாசியில் நான் பார்த்ததில்லை. பைண்டிங்கில் கழித்துப்போட்ட இந்த டைரியை எடுத்துக்கொண்டேன். எழுதி வைக்காவிட்டால் கிழமையே மறந்துபோகும்.

ஏப்ரல் 3

பிரேயர், கணக்கு, இன்டர்வெல், தமிழ் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பதினொரு மணிக்கு அட்டவணை சுவரில் இருந்தது. பிள்ளைகள் மொட்டைமாடியில் இருந்தார்கள்.

ஏப்ரல் 4

இன்று யாரும் படிக்கவில்லை.

ஏப்ரல் 19

கழித்தலில் சின்னவனோடு மல்லுக்கட்டு. 52-இல் 27 போனால் 35 என்கிறான். 61-இல் 38 போனால் 37. "கவனமே இல்ல" என்று கத்தினேன். "நீ டீச்சர் இல்ல, அம்மாதான்" என்று அழுதான். வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே ஒரு தப்பு போட்டால் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். இங்கே ஒரே பிள்ளை, எதிரே ஒரே ஆள். ஒளிய இடமில்லை.

ஏப்ரல் 21

நேற்று இரவு அவன் நோட்டைப் புரட்டினேன். எந்தக் கணக்கும் வாய்க்கு வந்ததாக இல்லை. மேலே 2, கீழே 7 இருந்தால் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போடுகிறான். எங்கும் அப்படியே. காலையில் 40-இல் 16 என்று கொடுத்துவிட்டு, 36 என்று எழுதப்போகிறான் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். 36 என்றே எழுதினான். ஏன் என்று கேட்டேன். "பெருசுல இருந்துதானம்மா சின்னதக் கழிக்கணும்?" அவன் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. அதை எள்ளளவும் மீறாமல் நடக்கிறான்.

பக்கத்து வீட்டு மதினி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். மருந்து முக்காத குச்சி ஒரு பை கொடுத்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "ஏழு உதிரி குடுடா" என்றேன். கையில் இருந்த இரண்டையும் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினான். கடன் வாங்குவது என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை.

ஏப்ரல் 24

குச்சி இருந்தால் 25. குச்சியை எடுத்து வைத்துவிட்டால் மறுபடி 35.

ஜூன் 9

பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20. மதினியின் மகள் சந்தோஷப்படுவாள் என்று போனால், புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு அழுகிறாள். "அரையாண்டுல காய்ச்சல்ல எழுதுனேன் அத்தை. அதையா என் மார்க்குங்கிறாங்க?" என்ன பதில் சொல்வது?

ஜூன் 30

அந்தப் பெண் சாயங்காலம் எங்கள் மாடிக்கு வந்து சின்னவனுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருகிறாள். என்னிடம் அரை மணி நேரம் உட்காராதவன் அவளிடம் இருட்டும்வரை உட்காருகிறான். சந்தோஷம்தான். கொஞ்சம் எரிச்சலும்.

ஜூலை 22

  சின்னவன் பள்ளியில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும்.      

ஆகஸ்ட் 2

ஞாயிறு முழு ஊரடங்கு. ஆடிப்பதினெட்டு. புது வருடக் காலண்டர் ஆல்பம் போடும் நாள். கடைத்தெரு காலி.

வீட்டுக்காரர் கொஞ்சம் ஃபாரம், மடிக்காத அச்சுத்தாள், கொண்டுவந்து போட்டிருந்தார், நோட்ஸ் புத்தகத்துக்கு. உட்கார்ந்து மடித்தேன். மூன்று மடிப்பு, பதினாறு பக்கம். பெரியவள் ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்துவிட்டு, "என்னம்மா இது, ஒண்ணாம் பக்கத்துக்குப் பக்கத்துல பதினாறு இருக்கு? பாதி தலைகீழா இருக்கு?" என்றாள். மடித்தால் சரியாகிவிடும் என்றேன். அவள் மடிக்கவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு விரலால் எண்களைத் தொட்டுக்கொண்டே போனாள். 4-க்குப் பக்கத்தில் 13. 12-க்குப் பக்கத்தில் 5. 8-க்குப் பக்கத்தில் 9. "எல்லாம் பதினேழும்மா!"

அடுத்த ஃபாரத்தைப் பிடுங்கினாள். 17-க்குப் பக்கத்தில் 32. அதில் எங்கே கூட்டினாலும் 49. மூன்றாவதில் 81. "ஒவ்வொரு ஃபாரத்துக்கும் முப்பத்திரண்டு ஏறுது." ஏன் என்று நான் கேட்டேன். "இந்தப் பக்கம் ஒண்ணு கூடினா எதிர்ப்பக்கம் ஒண்ணு குறையுதுல்ல. அப்ப கூட்டினா மாறாது." கல்யாணத்துக்கு முன்பிருந்தே மடிக்கிறேன். கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. ராத்திரி அவரிடம் சொன்னேன். "பக்கம் சரியா இருக்கான்னு பாக்க இது நல்ல வழிதான்" என்று அவரும் ஒரு ஃபாரத்தை விரித்துக் கூட்டினார்.

கூலி நேரத்தில் ஒரு மணி போனது. ஆறு ஃபாரம் அழுக்கானது.

ஆகஸ்ட் 18

புதுப் பள்ளியில் சேர்த்து ஆறாம் வகுப்புப் புத்தகம் வாங்கினோம். முகக்கவசம், வட்டத்துக்குள் நிற்பது, கையெழுத்து, ஐந்து நிமிடத்தில் வெளியே. வரும் வழியெல்லாம் பெரியவள் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களுக்கு அட்டை போட்டாள். பெயர், வகுப்பு எழுதினாள். பிரிவு என்ற இடத்தில் நிறுத்தினாள். "நான் எந்தப் பிரிவும்மா?" எனக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 20

கல்வித் தொலைக்காட்சி. டிவியில் டீச்சர் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு மேலே போகிறார். "இல்ல டீச்சர்" என்கிறான் சின்னவன், ஒவ்வொரு தடவையும், மரியாதையாக.

செப்டம்பர் 11

கரண்ட் இல்லை. பாடம் இல்லை. பெரியவள் காரணமில்லாமல் தம்பியை அடித்தாள். என்னிடமும் வாங்கினாள்.

அக்டோபர் 6

சின்னவன் குச்சியில்லாமல் 83-இல் 45 போட்டான். 38. "எப்படிடா?" "மனசுக்குள்ள கட்டைப் பிரிச்சேன்." ஆனால் தமிழ்ப் புத்தகத்தை வாய்விட்டுப் படி என்றால் எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக் கதை சொல்கிறான். அவன் சொல்வது புத்தகக் கதையைவிட நன்றாக இருப்பதுதான் சிக்கல். மூன்றாம் வகுப்பு பாதி ஓடிவிட்டது.

நவம்பர் 12

ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை பதினாறாம் தேதி திறக்கும் என்றிருந்தார்கள். இன்று அதையும் ரத்து செய்துவிட்டார்கள். மூன்றுக்கும் ஆறுக்கும் தேதியே கிடையாது. பெரியவளிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்றாள். நல்லது என்கிற பிள்ளை மத்தியானம் ஏன் யூனிஃபார்மைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்? கேட்டதற்கு, "சும்மா, பத்துதான்னு பாத்தேன்." பத்தவில்லை.

தீபாவளி கழிந்ததும் டைரி ஃபாரம் வரும் என்கிறார்கள். வந்தால் பகல் முழுக்க மடிப்பு. ராத்திரி ஏழு மணிக்கே சின்னவன் தூங்கி விழுகிறான். அவனுடைய தமிழை எந்நேரத்தில் வைப்பது என்று மதினி மகளிடம் கேட்க வேண்டும்.