எந்த உறையில் நிறுத்துவது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டிக் கடற்பக்கமாகப் போகப் போக, கிணறு இறக்குபவர்களின் கவலையே மாறிவிடுகிறது. மேட்டு நிலத்தில் தண்ணீர் கிடைக்குமா என்று பயப்படுவார்கள். இங்கே சீக்கிரமே ஈரம் தட்டிவிடும். எங்கே நிறுத்துவது என்பதுதான் பாடு.

எளாவூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் உறை இறக்கிக்கொண்டிருந்தவர்களோடு பகல் முழுக்க இருந்தேன். மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. கூட இரண்டு பேர். பாதிக் கிணறு முந்தின நாளே இறங்கியிருந்தது. சிமென்ட் உறை ஒவ்வொன்றும் ஓரடி உயரம், மூன்றடி அகலம். உள்ளே குந்தியிருப்பவர் அடி உறையின் விளிம்புக்குக் கீழே மண்ணைச் சுரண்டுகிறார். தன் பாரத்திலேயே அடுக்கு முழுவதும் இறங்குகிறது. மேலே இன்னொரு உறையை ஏற்றுகிறார்கள். ஒரு பக்கம் நாலு விரல் கூடச் சுரண்டிவிட்டால் உறை சாய்ந்துவிடும், அதற்குப் பிறகு ஏற்றுவதெல்லாம் கோணலாகவே போகும். அதனால் உள்ளே இருப்பவர் ஓயாமல் சுற்றிச் சுற்றி வருகிறார். மேலே நிற்பவர் தூக்குக்குண்டிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

இதே மாவட்டத்தில், கொசஸ்தலையாற்றங்கரைப் பட்டறைப்பெரும்புதூரில், 2016இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது சுடுமண் உறைக்கிணறு ஒன்று வெளிப்பட்டது. சுடுமண் இருந்த இடத்துக்கு இப்போது சிமென்ட் வந்திருக்கிறது. வளையத்தின் மேல் வளையம் என்ற கட்டு மாறவில்லை.

கூடையில் ஏறி வரும் மண்ணை மேஸ்திரி ஒவ்வொரு தடவையும் விரலில் தேய்த்துப் பார்த்தார். சாம்பல் நிறக் களி வந்த வரைக்கும் முகத்தில் சலனமில்லை. பிறகு மஞ்சள் மணல் வந்தது. உள்ளேயிருந்து, “பொங்குது மேஸ்திரி!” என்று குரல். இனி மணல் உள்ளே சரிவதற்குள் வாளி வாளியாக அள்ளியாக வேண்டும். 14ஆவது உறை மட்டம் கொண்டதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வீட்டம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “இன்னும் நாலு உறை போட்டுடுங்க மேஸ்திரி, கோடைக்கும் நிக்குமில்ல?”

“வேணாம்மா. இந்த மணலோட விட்டுடலாம். கீழ போனா உப்புல கொண்டுபோய் விட்டுடும். கோடையில கம்மியா எறைச்சுக்கோங்க.”

அவர் கைப்பழக்கத்தில் சொன்னதற்கு நீரியலில் ஒரு கணக்கு இருக்கிறது. கடலோர மணலில் மழைநீர், தன்னைவிடக் கனமான உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த ஓரடியை இறைத்துத் தீர்த்தால், உப்பு 40 அடி மேலேறிவிடும்.

தெற்கே மீஞ்சூர் இதைப் பட்டு அனுபவித்த ஊர். 1960களில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் நிலத்தடி வளத்தை அடையாளம் காட்டியது. ஆலைகளுக்கும் சென்னைக்கும் இறைத்தோம். வயல் மோட்டார்களும் சேர்ந்துகொண்டன. கடல்நீர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நிலத்துக்குள் புகுந்துவிட்டது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1987இல் வந்தது. 2010இல் அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. காலடியில் கிடந்ததை உப்பாக்கிவிட்டு, மின்சாரம் செலவழித்துக் கடலிலிருந்து நீரைப் பிழிகிறோம். இதை எந்த வளர்ச்சிக் கணக்கிலும் வரவு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எளாவூர்க் கிணற்றில் இறைத்த முதல் வாளி கலங்கலாக வெளுத்திருந்தது. அது களித்தூள், ராத்திரிக்குள் அடங்கிவிடும். தெளிந்து வரும் நீரைத்தான் மேஸ்திரி சந்தேகப்படுகிறார். சொம்பில் பிடித்துத் திறந்தே வைத்தால், சில கிணற்று நீர் சாயங்காலத்துக்குள் மஞ்சளேறி அடியில் துரு தங்கும். கரைந்திருக்கும் வரை இரும்புக்கு நிறம் தெரியாது, காற்றுப் பட்ட பிறகுதான் காட்டிக்கொடுக்கும். அதே நீரில் டீ போட்டால் கறுத்துப் போகும். பருப்பு வேகாமல் அடம்பிடித்தால் அது கால்சியம், மெக்னீசியத்தின் வேலை.

வீட்டுக்காரர் டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்திருந்தார். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு ஏற்கத்தக்கது, வேறு நீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம். ஆனால் மீட்டர் மொத்தத்தைத்தான் சொல்லும், உள்ளே இருப்பது என்னவென்று பிரித்துச் சொல்லாது. குரோமியமோ ஈயமோ கெடுதல் செய்யும் அளவில் இருந்தாலும் நீர் கண்ணாடியாய்த் தெரியலாம், நாக்குக்கும் தெரியாமல் போகலாம். தொழிற்பேட்டை அருகே குடியிருப்பவர்கள் இதை மனதில் வைத்தாக வேண்டும். மேஸ்திரியே சொன்னார்: “மண்ணு சொல்றத நான் சொல்லிடுவேன். கம்பெனி விட்டது இருந்தா எனக்குத் தெரியாது சார்.”

கிளம்பும்போது வீட்டம்மாவிடம் வேலைகளை ஒப்படைத்தார். மூன்று நாள் நன்றாக இறைத்துக் கொட்ட வேண்டும். பிறகு ஒரு பாட்டிலை அதே நீரில் மூன்று தடவை அலசிப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுக்க வேண்டும். உலோகச் சோதனையும் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு மாதிரி எடுக்கும் முறையே வேறு என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது என்று நான் சேர்த்துச் சொன்னேன். பாட்டிலின் மேல் தேதியோடு ‘14 உறை, மஞ்ச மணல்’ என்றும் எழுதச் சொன்னார் மேஸ்திரி.