விதியா, வெப்பமா?

2019-ஆம் ஆண்டில் நம் மகளுக்காக ஆக்சலாட்டல் ஒன்றை வாங்கிவந்தோம். மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளைத் தாயகமாக உடைய சாலமாண்டர் இனம் அது. பல்லியின் உருவும் தவளையின் உறவும் கொண்டது. தலையின் இருபுறமும் செவுள்கள் இறகெனத் தோன்றும். நம் இல்லத்தில் அது 40 நாளே வாழ்ந்தது.

"அதன் விதி அவ்வளவே" என்றனர் அண்டை வீட்டார். நாமும் அதனை நம்பி ஆறுதல் கொண்டோம். பின்னர் நூல்களைப் புரட்டியபோதன்றோ உண்மை விளங்கிற்று! செவ்வனே பேணினால் அவ்வுயிர் 10 முதல் 15 ஆண்டு வாழுமாம். 18 பாகை அளவில் குளிர்ந்த நீர் அதற்கு வேண்டும். நாமோ 30 பாகை வெப்பத்தில் வைத்திருந்தோம். அது உண்ண மறுத்தபோது மேலும் இரையிட்டோம். எஞ்சிய இரை அழுகி நீரை நஞ்சாக்கிற்று.

சீபோல்ட் என்னும் மருத்துவர் ஜப்பானிலிருந்து ஒல்லாந்துக்குக் கொணர்ந்த பெருஞ் சாலமாண்டர் ஒன்று, 50 ஆண்டுக்கு மேல் அடைப்பிலே வாழ்ந்து 1881-இல் மாண்டது. பிரான்சின் மூலிசு குகை ஆய்வுக்கூடத்தில் 1952 முதல் குகைச் சாலமாண்டர்களை வளர்த்து வருகின்றனர். அவை சராசரி 68 ஆண்டு வாழுமென 2010-இல் ஆய்வாளர் கணித்தனர். குளிர்ந்த தூய நீரும், பகையற்ற இருப்பும், சலியாத காவலும் செய்த வேலை அது.

அன்பர்களே! அடைத்து வைத்த உயிரின் ஆயுளில் அடைத்தவனுக்கும் பங்குண்டு. "இன்னொன்று வாங்கலாமா, அப்பா?" என்று மகள் கேட்கிறாள். "15 ஆண்டு நீ காப்பாயா?" என்று கேட்க வாயெடுத்தோம். அக்கேள்வி முதலில் நமக்கே உரியதென உணர்ந்து வாளாவிருந்தோம். வெறுந்தொட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.