மிஞ்சிய திருகாணி

என் தகப்பனாருக்கு உருப்படியான புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் ஆசிரியராயிருந்த பள்ளிக்கூடத்தின் வெள்ளி விழா மலரில் தபால்தலை அளவுக்கு அச்சான படம் ஒன்றுதான் மிச்சம். திதிக்குள் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா தெரியவில்லை, அச்சுக்கூடத்துக் கரும்புள்ளிகள்தாம் தெரிந்தன.

என் தமக்கையின் மகன் ஒரகடத்தில் ஒரு மோட்டார் உதிரி பாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறவன். ஸ்ரீபெரும்புதூரில் எங்களோடு தங்கிக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். "கவலைப்படாதீங்க மாமா, கிம்ப்புக்கு ஒரு செருகுநிரல் எழுதித் தரேன்" என்றான். கிம்ப் என்பது படங்களைத் திருத்துகிற இலவச மென்பொருள். செருகுநிரல் என்பது, தையல் மிஷினில் வேண்டும்போது மாட்டிக்கொள்ளும் தனி உறுப்பைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி முடித்தான். அவனுடைய கணினியில் அது அழகாக ஓடியது. என்னுடைய பழைய கணினியில் வைத்தால், ஏதோ ஒரு நூலகத்தைக் காணோம் என்று ஒற்றை வரியில் புகார் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. திதிக்கு இரண்டே நாள். நூலகம் என்றால் எனக்குக் கன்னிமாரா நூலகந்தான் நினைவுக்கு வரும். நிரல் எழுதுகிறவர்களுக்கோ, பிறர் எழுதி வைத்த கணக்குகளைக் கடன் வாங்கும் இடம் அது.

இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன், பல் துலக்குவதற்கு முன்பே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அச்சுப் புள்ளிகள் சீரான இடைவெளியில் வருகிறவை. அவற்றைப் பிரித்தெடுக்க முதலில் ஃபூரியே கணிதத்தைக் கையாண்டிருக்கிறான். அதற்கு எஃப்.எஃப்.டி.டபிள்யூ என்ற நூலகம் வேண்டியிருந்தது. அப்புறம் அதைக் கைவிட்டு, எளிய வழி ஒன்றுக்கு மாறியிருக்கிறான். நிரலிலிருந்து கணக்கு போய்விட்டது. தொகுக்கும் கட்டளையில் நூலகத்தின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. நிரலை இணைத்துக் கட்டும் லிங்கர், 'இவை தேவை' என்ற பட்டியலில் அந்தப் பெயரையும் எழுதிவிடுகிறது. ஓடத் தொடங்கும்போது பட்டியலிலுள்ள அத்தனை பேரும் ஆஜராக வேண்டும். வேலை உண்டா இல்லையா என்று கேட்பாரில்லை!

"எங்க லைன்ல ஒரு திருகாணி மிஞ்சினாலே வண்டியை நிறுத்திடுவோம் மாமா. என் நிரல்ல மிஞ்சினதை நான் பார்க்கலையே" என்று வெட்கப்பட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு காய்ச்சலுக்காக அழைத்து வந்த டாக்டரை, முப்பதாம் அத்தியாயம் வரை காப்பி குடிக்க வைத்துக்கொண்டிருந்த தொடர்கதைக்காரன் நான்.

ரீட்எல்ஃப் என்ற கருவியால் பட்டியலைப் பிரித்துப் பார்த்தான். அந்த நூலகத்தை நீக்கினான். அவன் நிரல் தனியாக ஜன்னல் எதுவும் திறப்பதில்லை. ஆகவே ஜன்னல் வரையும் ஜி.டி.கே.யும் வேண்டாம் என்று, கட்டளையில் 'கிம்ப்யூஐ' என்றிருந்ததை வெறும் 'கிம்ப்' ஆக்கினான். ஒவ்வொன்றாக எடுப்பதும், மறுபடி தொகுப்பதும், ஓட்டிப் பார்ப்பதுமாகக் காலை கழிந்தது.

கிம்ப்பின் கதையே அப்படித்தானாம். 1995-ல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது அது. முதலில் மோடிஃப் என்னும் வியாபாரச் சரக்கை நம்பியிருந்தது. அந்தச் சார்பை உதற மேட்டிஸ் எழுதியதுதான் ஜி.டி.கே. இன்று எத்தனையோ மென்பொருள்களுக்கு அது ஆதாரமாகிவிட்டது.

"தேவையில்லாததை லிங்கரே தள்ளிவிடாதா?" என்று கேட்டேன்.

"ஆஸ்-நீடட்னு ஒரு கட்டளை இருக்கு, தள்ளிடும். ஆனா நேரா கூப்பிடறது மட்டுந்தான் அதுக்குத் தெரியும். ஓடும்போது நடுவிலே பேர் சொல்லி வரவழைக்கிற நூலகம் அதன் கணக்கிலேயே வராது. அதனாலே தள்ளினதுக்கப்புறம் ஓட்டிப் பார்த்தே தீரணும்."

பத்து மணிக்கு என் கணினியில் நிரல் ஓடியது. புள்ளிகள் கரைந்து, அப்பா எழுந்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா இடது புருவத்திலே தழும்பு எங்கேடா? சைக்கிள்லேருந்து விழுந்து மூணு தையல் போட்டாரே!"

மலரை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். புருவத்தை இரண்டாகப் பிளக்கும் மெல்லிய வெள்ளைக் கோடு. புள்ளிகளோடு சேர்த்து அதையும் நிரல் தேவையற்றதென்று துடைத்துவிட்டிருந்தது. எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

பையன் ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் பாட்டியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். "இங்கேயா பாட்டி? இன்னும் கொஞ்சம் மேலேயா?" என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கோட்டை மட்டும் கையால் மீட்டெடுத்தான்.

அவனுக்கு அன்றிரவும் ஷிப்ட் இருந்தது. பகலில் அவன் தூங்கவேயில்லை.