தர்மதேவனைக் கேள்வி கேட்டவர்

தீர்ப்பு சொல்கிற தர்மதேவனே குற்றவாளியாக நிற்கும் கதை ஒன்று மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் இருக்கிறது.

மாண்டவ்யர் மௌன விரதம் பூண்ட முனிவர். திருட்டுப் பொருளோடு ஓடிவந்த கள்வர்கள் அவருடைய ஆசிரமத்தில் ஒளிந்துகொண்டார்கள். துரத்தி வந்த காவலர்கள் கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. கள்வரும் பொருளும் அங்கேயே அகப்பட்டதால் அவரையும் சேர்த்துக் கழுவேற்றினான் அரசன். தவ வலிமையால் உயிர் போகவில்லை. விஷயம் தெரிந்ததும் அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். கழுவை உருவ முடியாமல் வெட்டித்தான் எடுத்தார்கள். முனை உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அரசன்மேல் அவர் கோபப்படவில்லை. நேரே தர்மதேவனிடம் போய், தான் செய்த குற்றம் என்னவென்று கேட்டார். சிறுவனாக இருந்தபோது பூச்சிகளைப் புல்லால் குத்தியதன் பலன் என்று பதில் வந்தது.

மாண்டவ்யர் அதை ஏற்கவில்லை. அற்பப் பிழைக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று கேட்டார். தர்மதேவன் சூத்திரப் பெண்ணின் வயிற்றில் பிறக்கட்டும் என்று சபித்தார். 14 வயது வரை செய்வது பாவமாகாது என்று வரம்பும் கட்டினார்.

பிறப்பைத் தண்டனையாகக் கருதிய அந்தக் காலத்தின் குறை இந்தச் சாபத்திலேயே இருக்கிறது. அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனால் அந்தச் சாபத்தால் தர்மதேவன் எடுத்த பிறவியான விதுரரைத்தான் பாரதம் அஸ்தினாபுரத்தின் மனசாட்சியாக வைத்தது. சூதாட்டத்தை முன்கூட்டியே எதிர்த்தவர் அவர். பாஞ்சாலி சபையில் நீதி கேட்டபோது பீஷ்மரே தெளிவாகப் பதில் சொல்ல முடியாமல் தடுமாறினார். விதுரரோ, பிரகலாதன் சொந்த மகன் விரோசனனுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்ன கதையை எடுத்துச்சொல்லி, அவையில் எழுந்த கேள்விக்குப் பதில் சொல்லாதவருக்கும் பாவத்தில் பங்குண்டு என்றார். அளவு மீறித் தண்டித்ததற்காக மண்ணில் பிறந்தவர், நீதி சொல்லத் தயங்கியவர்களைத் தட்டிக்கேட்ட இடம் அது.

மாண்டவ்யர் எழுப்பிய வழக்கு இன்னும் நடக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 7 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது என்றது. 12 வயது வரை, விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கச் சொன்னது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதே வயதுகளை வைத்திருக்கிறது. 2015-இன் சிறார் நீதிச் சட்டமோ, மிகக் கொடிய குற்றங்களில் 16 முதல் 18 வயதுக்குட்பட்டோரைப் பெரியவர்களைப் போல விசாரிக்க இடம் தருகிறது. பிள்ளையின் பிழைக்கு எவ்வளவு தண்டிக்கலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் பதில் தேட வேண்டியிருக்கிறது.

வீடுகளில் இந்தக் கதை பல நேரம் பூச்சியோடும் கழுவோடும் நின்றுவிடுகிறது. பிள்ளை பயந்துபோய்த் தட்டானை விட்டுவிடும், நல்லதுதான். ஆனால் மாண்டவ்யரின் கேள்வியும் அதே பிள்ளைக்குச் சேர வேண்டிய சொத்து. கதை சொல்லும் பெற்றோரும் நீதிக்கதை அச்சிடும் பதிப்பாளர்களும் அந்தப் பகுதியை வெட்டாமல் கொடுக்க வேண்டும்.