தா.பழூரில் மூன்று முடிச்சு

அக்காவிடமிருந்து ஃபோன் வந்தால் முதல் காரியமாக அடுப்பை அணைத்துவிடுவேன். பேச்சு முடிவதற்குள் பால் பொங்கி வழிந்த அனுபவம் நிறைய! ஆனால் மார்கழி பிறந்த நாலாம் நாள் வந்த ஃபோன் ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

"உன் மக லீவுக்கு வந்திருக்கா. பொழுதன்னிக்கும் நோட்டும் பென்சிலுமா உக்காந்திருக்கா. நல்ல எடத்துல ஒரு வரன் வந்திருக்கு. நான் பேச்செடுத்தா எழுந்து போயிடறா. நீ வந்து, படிச்ச வரைக்கும் போதும்னு எடுத்துச் சொல்லு."

அக்கா வாழ்க்கைப்பட்டது அரியலூர் மாவட்டம் தா.பழூரில். நான் இருப்பது கும்பகோணத்தில். அக்கா மகள் சென்னையில் டிசைன் படிப்பில் இரண்டாம் ஆண்டு. மொத்தம் நான்கு ஆண்டு. "டிசைன் படிக்கிறாள்" என்றால் உறவுக்காரர்கள், "தையல் கிளாஸா?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதற்கு மேல் தெரியாது. ஆகவே அக்கா பக்கம் பேசுவதென்று முடிவு செய்துகொண்டு, அவள் மாமியாருக்கு ஒரு கவுளி வெற்றிலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொள்ளிடத்துக்கு அக்கரை

நீலத்தநல்லூர் தாண்டியதும் கொள்ளிடம். பாலத்தில் பஸ் ஏறும்போது பனி இன்னும் விலகவில்லை. மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் வெள்ளிக் கம்பி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கல்யாணமான புதிதில் இங்கே பாலம் கிடையாது. அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அணைக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இப்போது அக்கரையில் மதனத்தூர் வந்துவிட்டால் அக்கா வீடு வந்த மாதிரிதான்.

தா.பழூரைப் பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. சின்ன ஊர் என்றால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். ஒன்றிய அலுவலகம் இருக்கும் ஊராயிற்றே! கடைவீதியில் உரக்கடை, விதைக்கடை, டீக்கடை. விசுவநாதர் கோயில் பக்கமிருந்து மார்கழிப் பாட்டு. ஊரை விட்டு நாலு எட்டு நடந்தால் கதிர் பிடித்த சம்பா வயல்.

சொம்புக்கு ஒரு படிப்பா?

திண்ணையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். எதிரே பித்தளைச் சொம்பு, அளவுக் குவளை, பக்கத்தில் நோட்டு.

"சித்தி, வாங்க! இந்தச் சொம்புல எவ்வளவு தண்ணி பிடிக்கும், சொல்லுங்க?"

"ஒரு லிட்டர் இருக்கும். ஏண்டி, இதுக்கா மெட்ராஸ் போய்ப் படிக்கிறே?"

அவள் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னாள். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு தம்பதி. நாற்காலி, மேஜை வடிவமைப்பதில் உலகப் புகழ் பெற்றவர்கள். இந்திய அரசாங்கம் அவர்களை அழைத்து, இந்த நாட்டுக்கு எப்படிப்பட்ட வடிவமைப்புக் கல்வி தேவை என்று கேட்டது. 1958-ல் அவர்கள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். நம் நாட்டில் தாங்கள் பார்த்த பொருள்களிலேயே மிக அழகானது என்று அவர்கள் எதைப் பாராட்டியிருந்தார்கள் தெரியுமோ? நம் வீட்டுச் சொம்பைத்தான்! இடுப்பில் வைத்தால் எப்படிப் பொருந்துகிறது, ஊற்றும்போது தண்ணீர் எப்படி விழுகிறது, தேய்க்கக் கை உள்ளே போகுமா, விலை என்ன, தட்டினால் என்ன ஓசை... இத்தனையும் யோசித்துத்தான் ஒரு பொருளைச் செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். அந்த அறிக்கையின் பலனாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்தது.

"இந்தச் சொம்பை ஒரே ஒருத்தர் உக்காந்து கண்டுபிடிக்கல சித்தி. எத்தனையோ தலைமுறை புழங்கிப் புழங்கி இந்த வடிவம் வந்திருக்கு. நாங்க படிக்கிறது அதைத்தான். புழங்கறவங்களைப் பாக்கக் கத்துக்கறோம்."

நாற்பது வருஷமாகச் சொம்பு தேய்க்கிறேன். ஒரு நாளாவது அதைப் பார்த்திருக்கிறேனா?

கல்லிலிருந்து கரைக்கு

மறுநாள் காலை என்னைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துப் போனாள். ஜெயங்கொண்டம் போய் அங்கிருந்து வேறு பஸ். ராஜராஜன் தஞ்சையில் எழுப்பிய பெரிய கோயிலைப் பார்த்து, அவன் மகன் ராஜேந்திரன் தன் புதிய தலைநகரில் பதினோராம் நூற்றாண்டில் கட்டிய கோயில். 2004 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம்.

நான் சுற்றி வந்து கும்பிட்டு முடித்துவிட்டேன். அவளோ வடக்குப் பக்கப் படியருகே சண்டேசர் சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் பார்வதி இருக்க, சிவபெருமான் தம் கையாலேயே சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றிவிடுகிறார். குழந்தைக்குத் தாய் தலை பின்னிவிடுகிற மாதிரி ஒரு பரிவு! அந்த மாலையைத்தான் அவள் நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள், புடவைக் கரைக்காக.

வரைந்த வளைவை அப்படியே நெய்துவிட முடியாதாம். முதலில் கட்டம் போட்ட தாளில் ஏற்ற வேண்டும். வளைவெல்லாம் அங்கே படிக்கட்டாகிவிடும். குறுக்கு வரிசை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை, நிறம் வர வேண்டிய இடத்தில் துளை. அந்த அட்டைகள் வரிசையாகத் தறியின் மேலே சுழலும்போது எந்த இழை தூக்க வேண்டுமோ அது தூக்கிக் கொடுக்கும். ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804 வாக்கில் செய்த கருவி. ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்துப் பட்டு நெசவாளர் வீடுகளில் அவள் இதை நேரில் பார்த்திருக்கிறாள். "காலேஜ்ல ஒரு மாசம் புரியாதது தறிக்குப் பக்கத்துல ஒரு மணி நேரத்துல புரிஞ்சுது" என்றாள்.

திரும்பும் வழியில், "எல்லாத்தையும் ஏன் இப்படி வரைஞ்சு வைக்கிறே?" என்று கேட்டேன்.

"இங்கே இருந்த எத்தனை சுவர் போயிடுச்சு தெரியுமா சித்தி? 1836-ல அணைக்கரை கட்டினப்போ இந்தக் கோயில் மதில் கல்லையெல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. நம்ம பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருட்டுப் போய் ஆஸ்திரேலியா மியூசியத்துல இருந்தாரே, 2014-ல எப்படித் திரும்பி வந்தாரு? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல முன்னாடியே ஃபோட்டோ எடுத்து வெச்சிருந்தாங்க. அதுதான் முக்கியமான சாட்சி. பதிஞ்சு வெச்சாத்தான் நாளைக்கு நம்முதுன்னு சொல்ல முடியும்."

அப்பாயி கோலம்

அக்காவின் மாமியாரை அவள் அப்பாயி என்பாள். எண்பதைத் தாண்டிய மனுஷி. சிக்குக் கோலத்தில் அந்தத் தெருவுக்கே குரு. இப்போது கண்ணில் புரை. பொங்கல் கழித்து ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கையும் நடுங்குகிறது.

விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் நான் பார்த்த காட்சி இது. அப்பாயி படியில் உட்கார்ந்து சொல்கிறார், "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலுல நிறுத்து. இப்ப மூலையிலேர்ந்து வளைச்சுக்கிட்டு வா." பேத்தி இழுக்கிறாள். தப்பினால், இழை ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேராது. உடனே அப்பாயிக்குத் தெரிந்துவிடுகிறது. கண்ணால் அல்ல, மனக்கணக்கால்!

நோட்டில் இதுவரை முப்பத்தெட்டு கோலங்கள். ஒவ்வொன்றின் கீழும் புள்ளிக் கணக்கு, அப்பாயி வைத்த பெயர், யாரிடம் கற்றார் என்ற விவரம். இதுவும் விளையாட்டல்ல. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களுடன் கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தின் இலக்கணத்தைக் கம்ப்யூட்டர் கணக்கோடு சேர்த்து 1974-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பாட்டிமார் வாசலில் போட்டது உலக ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போயிற்று.

முடிச்சு சொன்ன பாடம்

இவ்வளவு பார்த்தும் எனக்குள் அக்காவின் கேள்வி இருந்தது. "எல்லாம் சரி, இதெல்லாம் வீட்டுக்கு என்னத்துக்கு ஆகும்?" அதற்குப் பதில் அப்பாயியின் தலைமாட்டில் தொங்கியது.

தீபாவளி சமயத்தில் அப்பாயி, சாப்பிட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு தரம் போட்டுக்கொண்டு, கொல்லையில் தலைசுற்றி விழுந்துவிட்டார். நல்லவேளை, அடி பலமில்லை. அன்றிலிருந்து அக்காவுக்கு வயலுக்குப் போனாலும் மனசு வீட்டில்தான்.

லீவுக்கு வந்த பேத்தி ஒரு துணிப்பை தைத்தாள். மூன்று அறை. காலைக்கு மஞ்சள், மதியத்துக்குச் சிவப்பு, இரவுக்கு நீலம். பார்க்க ஜோராக இருந்ததாம். அப்பாயி தொடவே இல்லை! புரை விழுந்த கண்ணுக்கு மூன்றும் ஒரே கலங்கல். பெரிய பொத்தான்கள் வைத்துப் பார்த்தாள். அதுவும் பிடிபடவில்லை.

பிறகு இரண்டு நாள் ஒன்றும் தைக்காமல் அப்பாயியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவர் வெற்றிலைக் காசு எங்கே வைக்கிறார்? முந்தானை முடிச்சில். சாவி? இன்னொரு முடிச்சில். எந்த முடிச்சில் என்ன இருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியும்! உடனே பழைய சுங்குடிப் புடவையில் புதுப் பை. ஒவ்வோர் அறையிலும் ஒரு கயிறு. காலைக் கயிற்றில் ஒரு முடிச்சு, மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. தினமும் காலையில் அக்கா அன்றைய மாத்திரைகளை மட்டும் அறை அறையாக வைத்துவிடுவாள். அறை காலியென்றால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். குழப்பமே இல்லை. நான் இருந்த மூன்று நாளும் அப்பாயி தானே தடவிப் பார்த்து எடுத்துக்கொண்டதைக் கண்ணால் கண்டேன்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் ஒரு மத்தியான வேளையில் இதைத் தைத்துவிடலாம். சில விஷயங்களில் மட்டும் கவனம். மாத்திரையை உரித்துப் போடாமல், அட்டையோடு நறுக்கி வையுங்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் மீதி அட்டையை எறியாமல் பத்திரப்படுத்துங்கள். வேளையையும் அளவையும் டாக்டரிடம் ஒரு முறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பையை அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும்.

அக்கா கேட்ட கேள்வி

கிளம்புவதற்கு முந்தின இரவு, அக்காவிடம் நான் பேச வந்த பேச்சைப் பேசவில்லை. அந்தப் பையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"இதை அவ அவசரமாத் தைக்கலக்கா. ரெண்டு தரம் தோத்துட்டுத் தைச்சா. இதுதான் அந்தப் படிப்பாம்."

அக்கா கயிற்றை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள். பிறகு மகளைப் பார்த்து, "அப்ப கல்யாணமே வேண்டாங்கிறியா?" என்றாள்.

"வேண்டாம்னு எப்பம்மா சொன்னேன்? இன்னும் ரெண்டு வருஷம்தானே கேக்கறேன்."

"அந்த மூணு முடிச்சுக்கு முன்னாடி இந்த மூணு முடிச்சாக்கும்!" என்று உள்ளேயிருந்து அப்பாயி குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கவலை அவளுக்கு. ஃபீஸ் கட்ட வேண்டும், ஊர் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். அதையெல்லாம் ஒரு துணிப்பை தீர்த்துவிடாது என்று எனக்கும் தெரியும்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து ஃபோன். நான் வழக்கம்போல் அடுப்பை அணைத்தேன். வரன் வீட்டாரிடம், பெண் படிப்பை முடிக்கட்டும், அதுவரை காத்திருக்க முடியுமா என்று மாமா கேட்டிருக்கிறாராம். பதில் இன்னும் வரவில்லையாம். "காத்திருந்தா சரி, இல்லாட்டி வேற எடம்" என்று அக்காவே சொன்னாள். அப்புறம் நாற்பது நிமிஷம் அப்பாயியின் கண் ஆபரேஷன் பற்றிப் பேசினோம்.

அன்று சாயங்காலம் நானும் ஒரு நோட்டு வாங்கினேன். என் அம்மா போட்ட கோலங்களில் நினைவில் நிற்பது ஒன்பதுதான். பத்தாவதில் இழை எங்கே திரும்புகிறது என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. அக்காவிடம் கேட்க வேண்டும். வாசகியரே, உங்கள் அம்மா பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.