வீட்டு வரிப் பாக்கி

2018-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தார் பட்டாசிற் பேரியம் உப்புகளைச் சேர்த்தலையும் சரவெடி செய்தலையும் தடுத்துத் தீர்ப்பளித்தனர். அவ்வருஷத் தீபாவளி கழிந்தபின் சிவகாசிச் சுற்றுப்புறத்து ஆலைகள் சில மாதம் பூட்டிக் கிடந்தன. அவற்றுள் ஒன்றிற் கணக்கப்பிள்ளையாயிருந்த என் தந்தையார்க்கும் உத்தியோகம் போயிற்று. ஆலை திறந்தபின்னும் அவரை அழைத்திலர்.

சம்பளமற்ற வீட்டிற்கு வரியேது என்றனர் அயலார். வருமான வரிக்கு அது பொருந்தும். வருவாய் குன்றின் அதுவுங் குன்றும். வீட்டு வரியோ கட்டடத்தின் பரப்பையும் அது நிற்குந் தெருவையும் நோக்குமேயன்றி, உள்ளே உலை ஏறிற்றா என்று நோக்காது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு பிறக்கும். வரியும் உடன் பிறக்கும். இவ்வாறு இரண்டு அரையாண்டுப் பாக்கி சேரவே, குடிநீர்க் குழாயைத் துண்டிப்போமென நோட்டீசு வந்தது.

அன்னையார் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தார்கள். தந்தையார் அதனைத் தொட்டாரில்லை. பில் கலெக்டர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் செல்வோரும் எங்கள் தெருவில் உண்டு. (பூட்டிய வீட்டிற்கும் வரியுண்டென்பதை அவர் அறியார் போலும்!) தந்தையாரோ தாமே அலுவலகஞ் சென்று, இரண்டையும் ஒருங்கே செலுத்த இயலாமையை எழுதிக் கொடுத்து, பழைய அரையாண்டை முதலிற் கட்டினார்கள். அப்பணம் அன்னையாரும் அத்தையாரும் தீப்பெட்டி ஒட்டிய கூலி. எந்த அரையாண்டிற்கு வரவு வைக்கப்பட்டதென்று ரசீதை அங்கேயே நின்று இருமுறை படித்தார்கள், கணக்கப்பிள்ளையன்றோ! மற்றதைத் தீர்ப்பதற்குள் அடுத்த அரையாண்டு பிறந்திருந்தது.