கூடைக் கயிறு

சிவப்புத் தொப்பிக்காரியை நான் முதன்முதலில் வரைந்தபோது அவள் கூடையைக் கையில் பிடித்திருந்தாள். கதைப் புத்தகங்களில் அப்படித்தானே இருக்கும். அவளுக்குப் பின்னால் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் நகரம்: சாய்ந்த கட்டடங்கள், புல் முளைத்த சாலை, சுவரெல்லாம் பூஞ்சை. இரண்டு வாரம் உழைத்த படம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கும் அந்த நகரத்துக்கும் ஒட்டே இல்லை. விருந்துக்கு வந்தவள் மாதிரி நின்றாள்.

தேவதைக் கதைகளின் நாயகிகளை, உலகம் அழிந்த பிறகு நடக்கும் வீடியோ கேம்களுக்குள் கொண்டுபோய் வரைவதுதான் ஆறு வருடமாக நான் செய்துவரும் வேலை. ரசிகர் ஓவியம் என்பார்கள். இலங்கையின் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தின் இஸ்தோப்பில் (திண்ணையில்), தம்பி வாங்கிய பழைய கணினியில், கிரிட்டா என்ற இலவச மென்பொருளைக் கொண்டு வரைகிறேன். அந்த முதல் படம் ஏன் ஒட்டவில்லை என்று தேடியதில்தான் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு உலகங்களைத் தைக்கும்போது தையல் எங்கே விழ வேண்டும் என்பதை அந்தக் கதைகளே சொல்லிவிடுகின்றன. இதை எனக்குப் புரியவைத்தவள் தூங்கும் இளவரசி. 1697இல் பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோ எழுதிய கதையில் அவள் நூறு வருடம் தூங்குகிறாள். 2015இல் வந்த 'ஃபால்அவுட் 4' விளையாட்டில், 2077 ஒக்டோபர் 23ஆம் திகதி அணுகுண்டுகள் விழும்போது நம் பாத்திரம் 111ஆம் இலக்க நிலவறைக்குள் ஓடி, அங்கே உறைந்துபோய், 2287இல் கண் விழிக்கிறது. 210 வருடத் தூக்கம். இரண்டும் ஒரே கதைதான். நூல் நூற்கும் கதிர் குத்தியதற்குப் பதில் குண்டு, கோபுரத்துக்குப் பதில் நிலவறை. நீலமும் மஞ்சளுமான அந்த நிலவறை உடையை இளவரசிக்குப் போட்டபோது, அது அவளுக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

கதையில் அவளைச் சுற்றி முட்புதர் வளரும். நான் தேயிலையை வளர்த்தேன். கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மரமாகிவிடும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கைவிட்ட மலைகளில் போய்ப் பாருங்கள். கீழே, கத்தி பட்டுப் பட்டு, அடிமரம் முடிச்சு முடிச்சாகக் கைமூட்டு மாதிரி திரண்டிருக்கும். கடைசியாக வெட்டிய மட்டத்துக்கு மேலே கிளைகள் நேராக வானத்துக்குப் போயிருக்கும். அந்த மட்டக்கோட்டைப் பார்த்தால் மனிதக் கை எந்த உயரத்தில் நின்றுபோனது என்று தெரியும். படத்தில் அதை அப்படியே வரைந்தேன். இளவரசியின் இடுப்புக்குக் கீழே முடிச்சுகள், மேலே நெடுமரம். எத்தனை வருடம் போயிற்று என்று எழுத்தில் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

சிவப்புத் தொப்பிக்காரிக்கு இன்னும் நாள் பிடித்தது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதையில் வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளைக் காப்பாற்றுவான். அதற்கு முந்திய பெரோவின் கதையில் யாரும் வருவதில்லை. ஓநாய் அவளைத் தின்றுவிடும், கதை முடிந்துவிடும். 2013இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' பெரோவின் காட்டுக்குத்தான் நெருக்கம். கந்தல் துணியும் மதுசாரமும் கையிலிருந்தால் காயத்துக்கு மருந்துக்கட்டு செய்யலாம்; அதே இரண்டையும் வைத்துத் தீக்குண்டும் செய்யலாம். எதைச் செய்வது என்று தனியாக நின்று முடிவெடுக்க வேண்டும். அவள் முகத்தில் பயத்தைவிட அந்த யோசனைதான் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது பூஞ்சை. விளையாட்டில் மனிதகுலத்தைச் சாய்ப்பது கோர்டிசெப்ஸ். நிஜத்தில் அது எறும்பு முதலிய பூச்சிகளைப் பிடிக்கும் பூஞ்சை வகை. திரையைப் பார்த்து அதன் நிறத்தைக் கலந்து கலந்து அலுத்திருந்தபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் காப்பிச் செடியில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஆரஞ்சு மஞ்சளாகத் தூள். விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது. காப்பியின் துரு நோய். 1869இல் இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையில், இலங்கையில் முதல்முறையாகக் கண்டறியப்பட்ட அந்தப் பூஞ்சைதான் இருபது வருடத்துக்குள் இலங்கையின் காப்பித் தோட்டங்களைக் கவிழ்த்தது. அந்த மலைகளில்தான் பிறகு தேயிலை வந்தது. ஒரு பூஞ்சை ஓர் உலகத்தை முடித்துவைத்த பிறகு முளைத்த உலகத்தில்தான் நான் பிறந்திருக்கிறேன். அன்றிலிருந்து என் படங்களில் பூஞ்சையின் நிறம் அந்த இலையின் நிறம்தான். எந்த மென்பொருளின் வண்ணப் பெட்டியிலும் அது தயாராக இல்லை. இலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலக்க வேண்டும்.

உடையைக் கற்றுத்தந்தது அம்மாவின் படங்கு. உரச் சாக்கைப் பிரித்துத் தைத்து, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்வது. புதிதாக வரைகிறவர்கள் கிழிசலைக் கண்ட இடத்திலெல்லாம் போடுவார்கள். நானும் போட்டேன். அம்மாவின் படங்கை விரித்துப் பார்த்தால், கிழிந்திருப்பது தேயிலைக் கிளை உரசுகிற உயரத்தில் மட்டும். அதுவும் வலப் பக்கம் அதிகம். ஒட்டுத்துணியும் அங்கேதான், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. கிழிசலுக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒட்டுக்கு ஒரு கை இருக்கிறது. இப்போது சிண்டரெல்லாவின் பாவாடையில் ஒரு கிழிசல் வைக்கிறேன் என்றால், அவள் எந்தப் பக்கமாக முட்டி போட்டு அடுப்பைக் கிளறினாள் என்று முதலில் யோசிக்கிறேன்.

இடிபாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. 2014 ஒக்டோபர் 29 காலை, பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு போய்ப் பார்த்தபோது அங்கே சுவரும் இல்லை, கூரையும் இல்லை, மண் மட்டும் இருந்தது. விளையாட்டுகளில் வரும் இடிபாடுகள் நின்று பார்க்க அழகானவை. நிஜ அழிவுக்கு அந்த அழகு கிடையாது. பல வருடம் நான் இடிந்த வீடு ஒன்றையும் வரையவில்லை. மறுபடி தொடங்கியபோது எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். என் படத்தில் ஓர் இடிபாடு இருந்தால், யாரோ திரும்பி வந்த அடையாளம் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும்: கூட்டிய வாசல், துணி காயும் கொடி, கல் மூன்று வைத்த அடுப்பு. மீரியபெத்தை மண்ணை மட்டும் நான் எந்த இளவரசிக்கும் பின்னணியாக வைக்க மாட்டேன்.

போன மாசியில் சிவப்புத் தொப்பிக்காரியைத் திரும்ப எடுத்தேன். கூடையைக் கையிலிருந்து வாங்கி முதுகில் போட்டேன். கயிற்றைத் தலையில் மாட்டினேன். கயிறு அறுக்காமலிருக்கக் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையில் துணி மடித்துப் போடுவார்கள் அல்லவா, அந்தத் துணியே அவளுடைய சிவப்புத் தொப்பி ஆயிற்று. இரண்டு கைகளும் விடுபட்டன. அத்தனை காலம் படத்துக்கு வெளியே நின்றவள் அப்போதுதான் உள்ளே நடந்தாள்.

வேலை முடிந்து வந்த அம்மா, படங்கைக்கூட அவிழ்க்காமல் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். ஓநாயைப் பற்றியோ பூஞ்சையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"கயிற நெத்தியில போட்டுட்டியே புள்ள. கூடை நெறஞ்சா கழுத்து ஒடிஞ்சிரும். உச்சிக்கு ஏத்திப் போடு."

ஏத்திப் போட்டேன். பாரம் மாறியதும் தோள் தாழ்ந்தது, முதுகு கொஞ்சம் வளைந்தது, கால் வைக்கும் விதம் மாறியது. இரவு ஒரு மணி வரை அந்த முழு உருவத்தையும் திரும்ப வரைந்தேன்.